அண்ணாச்சி கடைக்கு வந்த ஃபிரிட்ஜ்

மே 1995, வெள்ளி

முக்கூடலுக்கு எங்கள் கலர் சோடா பெட்டிகளை இறக்கப் போனேன். செல்லையா அண்ணாச்சி கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஃபிரிட்ஜ் நிற்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் சும்மா கொடுத்தானாம். அவன் பாட்டிலைத் தவிர வேறெதுவும் உள்ளே வைக்கக் கூடாதாம். எங்கள் பாட்டில்கள் வெயிலில் கிடந்தன.

"கோவிச்சுக்கிடாதேயும் வே. சூடா இருந்தா யாரு வாங்குதா?" என்றார். அப்பா காலத்திலிருந்து எங்கள் சரக்கை விற்றவர்.

நானும் தம்பியும் விலையைக் குறைக்கலாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். கம்பெனிக்காரன் கடையையே பிடித்துவிட்டான்.

பெட்டிகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினேன். வேர்த்துக் கொட்டியது. அண்ணாச்சி ஃபிரிட்ஜைத் திறந்து அந்தக் கம்பெனி பாட்டில் ஒன்றை நீட்டினார். மரியாதைக்கு ஒரு வாய் குடிக்கலாம் என்றுதான் வாங்கினேன். பாட்டில் காலியானதே தெரியவில்லை.

எங்கள் கலரை இவ்வளவு குளிர்ச்சியாக நானே ஒருநாளும் குடித்ததில்லை.