தம்பியை அனுப்பச் சொன்ன தீர்மானம்

18 நவம்பர் 1971, வியாழன்

இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு அத்தைதான் மன்னிக்க வேண்டும். விளக்கு கண்ணில் படுகிறது, புரண்டு புரண்டு படுக்கிறார். மழை விடவில்லை. பாப்பாவுக்குச் சளி. ஓமத்தண்ணீர்.

பட்டாளத்திலிருந்து தம்பி சேகரின் கார்டு. லீவு ரத்து. எல்லைப் பக்கம் அனுப்புகிறார்களாம், எங்கே என்று எழுதக் கூடாதாம். ஞாயிறன்று திருவாலங்காட்டில் பாப்பாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படி?

அத்தை: "உன் பெரிம்மா புள்ள கீறானே, அவன் மடியில உக்கார வெச்சி குத்திடலாம். அவனும் மாமன்தான்."

மனசு ஒப்பவில்லை. கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான்.

19, வெள்ளி

துணி காயவில்லை. பேப்பரில் கிழக்கு வங்காள அகதிகள் படம். சேற்றில் ஒரு பெண், இடுப்பில் பாப்பா வயதுக் குழந்தை. மடித்து வைத்தேன். திரும்ப எடுத்துப் பார்த்தேன். அங்கே ராணுவம் செய்யும் கொலைகள் அவர்கள் உள்நாட்டு விஷயம் என்கின்றனவாம் பெரிய நாடுகள், ரேடியோவில் சொன்னார்கள். எண்ணூர் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இவரிடம் கத்தினேன்: "கதவைச் சாத்திக்கிட்டுக் கொன்னா வீட்டு விஷயமா?"

"ரேடியோகிட்ட சொல்லு," என்றார்.

20, சனி

பொன்னேரி மாதர் சங்கக் கூட்டம். தீர்மானம் நான் எழுதியது: நம் ராணுவம் போய் அந்தக் கொலைகளை நிறுத்த வேண்டும். தலைவியம்மா வாசித்ததும் எல்லாக் கையும் மேலே.

மூலைவீட்டு ராணி அக்கா, "கை தூக்கறது ஈஸிதான். யார் ஊட்ல பட்டாளத்து ஆளு கீது? அவங்க சொல்லட்டும்," என்றாள். சிரிப்பு. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கை எப்போது இறங்கியதோ, தெரியவில்லை.

"வேணாம்னா அடிச்சிடலாம்மா." தலைவியம்மா பேனாவை நீட்டினார்.

அந்தச் சேற்றுப் பெண்ணுக்கும் ஒரு தம்பி இருந்திருப்பான்.

"அடிக்க வேணாம். போகணும்," என்றேன். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.

எனக்கு முன்பே வீட்டுக்குச் சேதி வந்துவிட்டது. அத்தை: "எங்கியோ எவனோ சாவறான்னு நம்ம புள்ளய அனுப்பச் சொல்லிட்டு வந்துகீற. நல்லா கீதும்மா உன் படிப்பு!" சொல்லிவிட்டு எனக்கு ரசம் ஊற்றினார்.

21, ஞாயிறு

சளி தேவலை. காது குத்து இல்லை. பெரியம்மா மகனை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

சேகருக்கு எழுத வேண்டியது, முதலில் இங்கே:

தம்பி, ராணுவம் போகணும் என்றவர்களில் அக்காவும் ஒருத்தி. சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். பயமாகவும் இருக்கிறது. நீ வந்த பிறகுதான் பாப்பாவுக்குக் காது குத்து. என்மேல் கோபமா? கோபமென்றாலும் ஒரு கார்டு போடு. சீக்கிரம் போடு.