இரண்டு புள்ளி வைத்த அச்சு

மாப்ளே,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போயிருந்தேன். "அண்ணே, கொட்டகையில உங்க ரெண்டு பேரு சாமானும் அப்படியே கெடக்கு. வந்து எடுத்துக்கிருவீகளா?" என்று உன் மனைவி போனில் கேட்டாள். நீ போய்ச் சேர்ந்த இந்த ஏழு மாதமாக நான் உன் வீடு இருக்கும் செக்காலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அவள் கேட்ட பிறகு எப்படி மறுப்பது?

மரப்பெட்டியைத் திறந்ததும் விளக்குப் புகையின் வாசனை வந்தது. ஈயம் ஊற்றும் முன் அச்சின் உள்பக்கத்துக்கு மண்ணெண்ணெய் விளக்கின் கரிப்புகையைக் காட்டுவாயே, அந்த வாசனை. "புகை காட்டாம ஊத்துனா ஈயம் அச்சக் கட்டிப் புடிச்சுக்கிரும் மாப்ள. அப்பறம் பிரிச்சுவிட ஊர்ப் பெரியவுகளத்தான் கூப்புடணும்" என்பாய். கொட்டகையில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு அழுதேன். சொல்வதற்கென்ன வெட்கம்.

நீ பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர், நான் எலக்ட்ரிக்கல் கடையில் வேலை. ஞாயிறு வந்தால் இருவரும் ஈய வியாபாரிகள். டயர் கடைகளில் சக்கரத்திலிருந்து கழற்றிப்போட்ட ஈயத் துண்டுகளை வாங்கி வருவோம். அதை உருக்கி, அலுமினியக் கட்டியில் நாமே குடைந்த அச்சில் ஊற்றி, வீச்சு வலைக்கு அடியில் கோக்கிற குண்டுகளாக வார்ப்போம். "என்னப்பா, குண்டு தயாரிக்கிறீகளாமே, போலீசு வரலையா?" என்று தெருவே கேலி செய்தது. நமக்கு அதில் ஒரு பெருமைதான்.

யார் வெட்டிய அச்சு என்று தெரிய அதன் முதுகில் புள்ளி குத்தி வைப்போம். எனக்கு ஒரு புள்ளி, உனக்கு இரண்டு. "எவன் வெட்டுனதுன்னு தெரிஞ்சாத்தான எவனத் திட்டுறதுன்னு தெரியும்" என்று நீதான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தாய். இன்னொரு வழக்கமும் உனக்கு உண்டு. ஒவ்வொரு குண்டிலும், அச்சின் இரண்டு பாதியும் சேர்கிற மூட்டுவாயில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பாய். நகத்தில் இடறினால் அது திரும்பச் சட்டிக்கே போகும். எனக்கு அது பொறுக்காது. "ஏப்பா, மீனு என்ன நகை வாங்கவா வருது?" என்று கத்துவேன்.

ஒரு வருஷம் நாச்சியாபுரம் பக்கத்துக் கண்மாயில் மீன்பிடித் திருவிழா. சாக்கோட்டையில் வலை பின்னி விற்கிற செல்வி ஒரு பெரிய ஆர்டர் கொடுத்திருந்தாள். உனக்கோ காய்ச்சல். நான் புதிதாக ஓர் அச்சு வெட்டினேன். அதன் இரண்டு பாதியும் ஒரு மயிரிழை விலகியிருந்தன. நான் பார்க்கவில்லை. நகமும் ஓட்டவில்லை. தனியாகவே வார்த்து அனுப்பினேன்.

குண்டுகளின் மூட்டுவாயில் பிளேடு மாதிரிப் பிசிறு நின்றிருக்கிறது. கண்மாயில் இரண்டு வீச்சு வீசியதுமே அது அடிக்கயிற்றை அறுத்துவிட்டது. வலையும் போய், மீனும் போய், வாங்கியவர்கள் செல்வியை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார்கள். அவள் நேரே கொட்டகைக்கு வந்தாள்.

"ஏண்ணே இப்படிப் பண்ணிட்டீக? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இனிமே நான் வலை விப்பேன்? யாரு வெட்டுன அச்சு இது?"

நான் வாயைத் திறக்கும் முன் நீ சொன்னாய்: "நான்தாம்மா. காய்ச்சலோட வெட்டுனேன், பெசகிருச்சு. எல்லாத்தையும் புதுசா ஊத்தித் தாரேன்."

நான் சட்டியைக் கிளறுவதுபோல் குனிந்துகொண்டேன். அவள் போன பிறகும் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதன்பின் எத்தனை ஞாயிறு ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தோம்! ஒருநாள் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே உன்னை அனுப்பிவிட்டேன்.

பெட்டியின் அடியில் அந்த அச்சு இருந்தது. திருப்பிப் பார்த்தேன். முதுகில் இரண்டு புள்ளிகள். ஒன்று நான் குத்தியது, மங்கிப்போயிருந்தது. பக்கத்தில் இன்னொன்று, நீ குத்தியது. அடப்பாவி! பொய்க்குச் சாட்சி வேறு செய்து வைத்திருக்கிறாய். அதைத் துண்டில் சுற்றி வண்டியில் வைத்தேன்.

அங்கிருந்து நேரே சாக்கோட்டைக்கு வண்டியை விட்டேன். செல்வி வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்: "அன்னைக்கு அந்த அச்ச வெட்டுனது நான்தாம்மா. அவன் இல்ல."

அவள் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கே தெரியும்ணே. அவுக நகம் படாம ஒரு குண்டு வெளிய வந்திருக்கா? பக்கத்துலதான நின்னீக. நீங்களா சொல்லுவீகன்னு பாத்தேன்." ஊசியைத் திருப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டு கேட்டாள்: "சொல்றதுக்கு இத்தன நாளாண்ணே?"

முடிச்சை இறுக்கிவிட்டு அவளே, "அடுத்த மாசம் கண்மாய்ல மீன்பிடி. குண்டு வேணும், ஊத்தித் தருவீகளா?" என்றாள். சரி என்றேன்.

இன்று காலை அடுப்பை மூட்டினேன். புது அச்சுக்குப் புகை காட்டினேன். அச்சு சூடேறாததால் முதல் வார்ப்பு சுருங்கி வந்தது, சட்டிக்கே திரும்பப் போட்டேன். அடுத்ததிலிருந்து ஒவ்வொன்றிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது, உன்னுடையது போலவே. சோப்புப் போட்டும் போகவில்லை.

கடைசியாகப் பழைய அச்சை எடுத்துக் கவிழ்த்து வைத்து, அரத்தால் தேய்த்து நீ குத்திய புள்ளியை மட்டும் அழித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே மாப்ளே. அது என் அச்சு.