உன் காலில் ஒரு குற்றமும் இல்லை

இன்று காலை மடவார் வளாகத்தில் உன் வீட்டு ஷெட்டில் காரின் பானெட்டைத் தூக்கி, கிளட்ச் ஆயில் குப்பியின் மூடியைத் திருகினேன். குப்பென்று ஸ்பிண்டில் ஆயில் வாடை. ராஜபாளையத்தில் முப்பது வருஷம் மில் ஃபிட்டராக இருந்தவனுக்கு அது தூக்கத்திலும் தெரியும். ஆனால் கிளட்சுக்கும் பிரேக் ஆயில்தான் ஊற்ற வேண்டும்; அந்தக் குப்பியில் நூல் மில் எண்ணெய்க்கு என்ன வேலை?

நேற்று உன் மகன் போன் செய்திருந்தான். "மாமா, அப்பா கிளட்ச்ல காலை வச்சே ஓட்டி பிளேட்டைக் கருக்கிட்டாராம். மெக்கானிக் சொல்லுதாரு. இன்ஜின், கியர்பாக்ஸ் அம்புட்டையும் கழட்டிட்டு வேற வண்டியோடத மாட்டிறலாம்னு நாளைக்கு வாராரு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இங்கிலாந்துக் காரை, இரண்டே சீட் உள்ள அந்தச் சிவப்பு வண்டியை, என்னைத் தவிர யாரையும் நீ தொட விட்டதில்லை. நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகவில்லை, அதற்குள் கூறு போடக் கிளம்பிவிட்டார்கள்.

கருகிய பிளேட் என்றால் இன்ஜின் அலறும், வண்டி நகராது. நான் இன்ஜினை அணைத்துவிட்டு கியரைப் போட்டேன், சத்தமில்லாமல் விழுந்தது. ஓடவிட்டுப் போட்டேன், கர்ரென்று பல்லைக் கடித்தது. பெடல் மிதித்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. மிதித்தால் எண்ணெய் தள்ளி விலக வேண்டிய பிளேட் விலகவே இல்லை. கோளாறு எண்ணெய் போகும் வழியில். உன் கால் மேல் பழி போட்ட அந்த மகராசன் பெடலை ஒரு தடவை மிதித்துப் பார்த்திருந்தால் போதுமே!

அவனைத் திட்டிக்கொண்டேதான் குப்பியைத் திறந்தேன். அப்புறம் திட்ட வாய் வரவில்லை.

ஆடிப்பூரத் தேரன்று எண்ணெய் குறைந்து பெடல் தளர்ந்துபோனது நினைவிருக்கிறதா? தெருவெல்லாம் கூட்டம், கடையெல்லாம் அடைப்பு. நீ, "நாளைக்குப் பாத்துக்கிடலாம்லே" என்றாய். நான்தான் கேட்கவில்லை. கதவுக் கீலிலிருந்து தையல் மிஷின் வரை எல்லாவற்றுக்கும் ஸ்பிண்டில் ஆயில் விடுகிற மில்காரப் புத்தி. பையிலிருந்த டப்பாவைக் கவிழ்த்தேன். அது கிளட்சின் எண்ணெய் வழியில் இருக்கும் ரப்பரை ஊற வைத்து உப்பவிடும் என்பது மண்டையில் உறைக்கவில்லை. மாதம் திரும்புவதற்குள் பெடல் படுத்தது. அப்போது மூடியைக்கூடத் திறக்காமல், "நீ கிளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டுதலே" என்று உன் மனைவி எதிரில் சத்தம் போட்டேன். நீ, "ஆமாலே, என் காலு அப்படி" என்றாய்.

இன்று, திறந்த குப்பி முன் நான் நிற்க, உன் மனைவி ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பிரிக்காத கிளட்ச் ரப்பர் கிட், புது ஹோஸ், பிரேக் ஆயில் டப்பா.

"அவிய வாங்கி வச்சதுண்ணே. உங்களைக் கூப்பிடச் சொன்னேன். மூடியத் தொறந்தா தான் ஊத்துன எண்ணெயாலதான்னு அவனுக்குத் தெரிஞ்சுபோவும், மனசு ஒடஞ்சிருவான்னுட்டாவ."

நீ யார் என் மனசைப் பற்றி முடிவு செய்ய? ஆசை ஆசையாய் ஓட்டின வண்டியைக் கடைசி மூன்று மாதம் ஷெட்டில் போட்டுவிட்டு, ஊரெல்லாம் உனக்கு ஓட்டத் தெரியாது என்று பேச விட்டுவிட்டு, நல்லவனாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய். கோபம் இன்னும் ஆறவில்லை எனக்கு.

குழாயை ஸ்பிரிட்டால் கழுவினேன். உப்பிப்போன ரப்பர்களையும் ஹோஸையும் தூக்கிப் போட்டுப் புதியதை மாட்டி, பிரேக் ஆயிலை ஊற்றினேன். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, நீ உட்காரும் இடத்தில் உன் மகன். நான் வண்டிக்கு அடியிலிருந்து "மிதி", "விடு" என்று கத்தக் கத்த மிதித்தான். பெடல் எழுந்தது. இன்ஜின் ஓட, கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

"அப்போ அப்பா கருக்கலையா மாமா?"

"உங்க அப்பன் கால்ல ஒரு குத்தமும் இல்லலே. தப்பான எண்ணெய ஊத்துனது நான்."

அவன் அப்போதே மெக்கானிக்குக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலும் உன்னையே கொண்டு பிறந்திருக்கிறான்.

"ஏலே மடப்பயலே, என்ன எண்ணெயலே ஊத்துன" என்று ஒரே ஒரு தடவை நீ கேட்டிருக்கலாம். அதைக் கேட்காமலே மிச்ச நாளையும் நான் ஓட்ட வேண்டியிருக்கிறது.