பன்னிரண்டு முழம்

சேத்தூர்
1912, ஐப்பசி 20

அன்புள்ள சமுத்திரம் அண்ணனுக்கு, தங்கை வெள்ளைத்தாய் சொல்ல, பள்ளிக்கூடத்துக் கிருபாபாய் அக்கா எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் மச்சானும் சுகம் என்று பட்டாளத்திலிருந்து எழுதியிருக்கிறார்.

தண்ணீர்தான் சுகமில்லை. ஐப்பசி மழையும் ஏமாற்றிவிட்டது. மேற்கு வரப்புக்கு அந்தப்புறம் சுயம்புலிங்கம் புதுக் கிணறு வெட்டி, நாலு கமலைக்கு மாடு பூட்டி இறைக்கிறார். அப்பா எனக்குக் கொடுத்த கிணற்றில் பத்துச் சால் இறைப்பதற்குள் தரை தெரிகிறது. மிளகாய்ச் செடி தலை தொங்கிவிட்டது. கேட்டால், "என் நிலம், என் கிணறு. நீ யாரு கேக்க?" என்கிறார். வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக அண்ணன் இருக்கும்போது நான் ஏன் சும்மா இருக்க வேண்டும்? வழக்குப் போடுங்கள்.

வெள்ளைத்தாய் (கைநாட்டு)


ஸ்ரீவில்லிபுத்தூர்
ஐப்பசி 28

தங்கைக்கு ஆசீர்வாதம்.

உன் கோபம் நியாயம்தான். ஆனால் சட்டம் வேறு. தன் நிலத்துக்கு அடியில் ஊறும் தண்ணீரை அவரவர் இறைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கிணறு வற்றினாலும் வழக்கு நிற்காது. எங்கள் வக்கீல் ஐயாவையே கேட்டுவிட்டேன். சுயம்புலிங்கம் ஆழமாக வெட்டினால் என்ன, அடியில் பன்னிரண்டு முழம் குடைந்தால் என்ன, உன்னால் ஒன்றும் ஏலாது. நல்ல விலை தருவார். நிலத்தைக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடு, தாயி. தைக்கு உனக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுவரும்போது பேசிக்கொள்வோம்.

உன் அண்ணன்
சமுத்திரம்


சேத்தூர்
கார்த்திகை 24

அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை சுயம்புலிங்கம் ஆயில் இன்ஜின் கொண்டுவந்து கிணற்றுக்குப் பொங்கலிட்டார். முதல் குடம் பக்கத்து நிலத்துக்காரி எடுக்க வேண்டும் என்பது நம் ஊர் முறையாச்சே. அவர் சம்சாரம் வெற்றிலை வைத்து அழைத்தது. போனேன். படி இறங்கினால் கீழே, நம் நிலத்துப் பக்கத்துச் சுவரில், ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குக் குடைவு. குடத்தைக் குடைவின் வாயில் வைத்துவிட்டு, அதன் கயிற்றைப் பிடித்தபடி கடைசி வரை உள்ளே போனேன்.

"ஏட்டி, அங்க என்ன பாக்கே?" என்று மேலேயிருந்து சுயம்புலிங்கத்தின் சத்தம்.

"தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாக்கேன்" என்றேன்.

கயிற்றை அளந்தேன். பன்னிரண்டு முழம். அவர் கிணற்றிலிருந்து வரப்பு நாலே முழம். மிச்ச எட்டும் என் மண்.

நான் உங்களுக்கு எழுதியது கிணற்றைப் பற்றித்தான். குடைவைப் பற்றி எனக்கே அன்றைக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தைக் கிருபாபாய் அக்காவை மறுபடி படிக்கச் சொன்னேன். முழக்கணக்கு உங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணே? வெட்டும் முன்னாலேயே அவர் உங்கள் ஆபீசுக்கு வந்து கேட்டிருக்கிறார்.

ராஜபாளையத்தில் வேறு வக்கீலைப் பார்த்தேன். "தண்ணிக்கு வழக்கு இல்லம்மா, உங்க மண்ணுக்கு இருக்கு" என்றார். குடைவை அடைக்கச் சொல்லித் திங்கட்கிழமை வழக்குப் போடுகிறோம். உங்கள் கடிதத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். சாட்சிக்கு உங்களைக் கூப்பிடுவார்கள்.

இந்தத் தைக்குப் பொங்கல்படி கொண்டுவர வேண்டாம். கோர்ட்டுக்கு வாருங்கள். கூண்டில் ஏறி உள்ளதைச் சொல்லுங்கள். சொன்னால், அடுத்த தைக்கு வாசல் தெளித்துக் காத்திருப்பேன்.

வெள்ளைத்தாய் (கைநாட்டு)