அத்தான் மறுசோறு கேட்டார்

1938, ஆவணி 5. தென்காசி.

அக்காள் வீட்டுக்காரர், கீழப்பாவூர் அத்தான், இன்று மத்தியானம் என்னைப் பார்க்க வந்தார். போன வருஷம் சாரல் காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிதான் வயிற்றுவலி தொடங்கியது. அவர் உடனே மதராசுக்கு ரயிலேறி வயிற்றிலிருந்த கட்டியை அறுத்தெடுத்துக்கொண்டார். நான் சிரித்தேன். "உடம்புச் சூட்டுக்குப் போயி யாராவது வயித்தைக் கீறுவாகளா அத்தான்? ஐந்தருவியில நாலு நாள் குளிச்சா சரியாயிரும்" என்றேன். நான் இரண்டு மாதம் குளித்தேன்.

"முன்னெல்லாம் இந்தக் கட்டி வந்தா ஒருத்தரும் பிழைச்சதில்ல. இப்பம் சீக்கிரம் வாரவுக சிலபேரு பிழைச்சுக்கிடுதாவ" என்று டாக்டர் போன வாரம் சொன்னார். எனக்கு முற்றிவிட்டதாம்.

அத்தான் சாப்பிட உட்கார்ந்தார். நான் கஞ்சித் தண்ணீரோடு கட்டிலில் கிடந்து, அவர் வாயையே வெட்கமில்லாமல் பார்த்தேன். தேங்காய்ப்பால் சொதிக்கு மறுசோறு கேட்டார். "இன்னுங் கொஞ்சம் வையி தாயி."

என் மனைவி அடுக்களைக்கு ஓடினாள். "நல்லா சாப்பிடுங்க அண்ணாச்சி, கூச்சப்படாதீக" என்று அள்ளி அள்ளி வைத்தாள். அவள் முகம் மலர்ந்து எத்தனை மாதமாயிற்று.

அவர் பிழைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அது என் இலைக்கு முன்னால் மலரவேண்டிய முகம்.