காக்கா எடுக்காத பன்றிக்கறி

என் கூடப்பிறந்த அண்ணனுக்கு,

பசியோடு உட்கார்ந்திருக்கிறாயா, இல்லை என்னைப் பார்த்துச் சிரிக்கிறாயா? இன்று உனக்கு வருசப் படையல். உனக்கு ஆண்பிள்ளை இல்லை. அதனால் என் மகனுக்குக் கட்டிக்கொடுத்த உன் மகள் செல்விதான் எங்கள் ஏரியூர் வூட்டில் வைத்தாள்.

நீ ஆசையாகத் தின்கிற பன்றிக்கறிதான். ஆனால் நாம் வாசலில் மூன்று கல் கூட்டி ஆக்குவது மாதிரி இல்லை. ஸ்லோ குக்கர் என்று ஒரு கரண்டுச் சட்டி வாங்கியிருக்கிறாள். தொடைக்கறியை முழுத் துண்டாக, மிளகும் பூண்டும் அரைத்துப் பூசி, விடியும்போதே அதில் வைத்து மூடினாள். தீ இல்லை, புகை இல்லை, கொதிக்கிற சத்தமும் இல்லை. இதில் எப்படிக் கறி வேகும்?

“அத்த, மூடிய மட்டும் தொறந்துறாதீங்க. மத்தியானத்துக்குத் தானா வெந்துரும்” என்றாள்.

“ஏன், உள்ள என்ன ஒளிச்சு வெச்சிருக்கற?”

“ஆமா, பொதையல் இருக்குது. போயி உக்காருங்க.”

திறக்காதே என்கிறவளை எப்படி நம்புவது? உன் மகளாயிற்றே! முனியப்பனுக்குப் பன்றி வெட்டிய வருசம் நீ என்ன செய்தாய்? தொடைக்கறியை இலை போட்டு மூடி மச்சினன் வூட்டுக்கு அனுப்பினாய். எனக்கு வந்தது விலா எலும்பு. நீ செத்துப்போனதால் நான் மறந்துவிடுவேனா?

அதனால் திறந்து பார்த்தேன். கறி முழுசாகத்தான் இருந்தது. அவள் பூ வாங்கப் போனபோது மறுபடி திறந்து, கரண்டியால் குத்திப் பார்த்தேன். துணி காயப்போடப் போனபோது இன்னொரு தரம். ஆவி குபுகுபுவென்று முகத்தில் அடித்தது.

உச்சிவேளையில் இலை போட்டால், கறி ரப்பராட்டம் இருக்கிறது. செல்விக்கு முகமே செத்துவிட்டது.

“சூடு வெளிய போனாத்தான் இப்பிடி ஆவும். தொறந்தீங்களா அத்த?”

“எனக்கென்ன வேல அங்க? உங்கப்பா என்னைக்கு நேரத்துக்குச் சோத்துக்கு வந்துச்சு? இருக்கட்டும்” என்றேன்.

மறுபடி மூடி வைத்து, அது வேகிறதுக்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பஞ்சு மாதிரி வெந்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். இலையை மாடியில் வைத்துக் “கா, கா” என்று உன் மகள் தொண்டை கட்டக் கூப்பிட்டாள். காக்காயெல்லாம் அடையப் போய்விட்டது. ஒன்றுகூட வரவில்லை.

“அப்பாவுக்கு எம்மேல என்ன கோவம் அத்த?” என்று அழுதாள். ஒரு வாய் சாப்பிடவில்லை. அந்தச் சட்டியை அட்டைப்பெட்டிக்குள் போட்டுக் கட்டிவிட்டாள்.

உனக்குத் தெரியாதா அண்ணா? அவள்மேல் என்ன தப்பு?

கறியை பிரிட்ஜில் எடுத்து வைத்திருக்கிறேன். விடிந்ததும் நானே மாடிக்குக் கொண்டுபோவேன். அதற்கு முன்னால், மூடியைத் திறந்தது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிடுவேன். காக்காய் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அவள் என்னைத் திட்டினால் நீ குறுக்கே வராதே.

உன் மகளுக்கு அத்தை,
உனக்குத் தங்கச்சி