வெள்ளிக்கிழமை ஐஸ்

மச்சான்,

இன்று காலை பக்கத்துக் கல்யாண வீட்டுக்கு ஐஸ் வந்து இறங்கியது. சர்பத்துக்கு இரண்டு கட்டி. லொறிக்காரன் சாக்கை உரித்ததும் ஈர மரத்தூளின் மணம் மதிலைத் தாண்டி என் கதிரை வரைக்கும் வந்துவிட்டது. கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தேன். இந்த வயதில் மூக்கு மங்கிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கே மங்கியது? சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஐஸ் இழுக்கிற கொளுக்கியோடு, ஐஸ் அறை வாசலில் நீ அப்படியே வந்து நின்றாய்.

நீ மௌத்தாகி, இந்த உலகத்தை விட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. நாற்பது வருஷமாக உன் முகத்துக்கு நேரே சொல்லாததை இப்போது கடதாசியில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோழைக்கு இதைவிட வசதியான நேரம் கிடைக்குமா?

நம் மீன்பிடித் திணைக்களத்தின் ஐஸ் ஆலைக்கு நான் வியாபார முகாமையாளராக வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். எழுபதுகளின் கடைசி. நாட்டின் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். இனித் திணைக்களங்களும் வியாபாரம் போல நடக்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து சுற்றறிக்கைக்கு மேல் சுற்றறிக்கை வந்தது. அப்படிப் பிறந்த பதவி அது. அம்பாறைக் கந்தோரில் கிளாக்காக இருந்த நான் ஒரு சோதனை எழுதிப் பாஸ் பண்ணி, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கல்முனைக் கடற்கரையில் வந்து இறங்கினேன். கதவில் புதிதாக அடித்த பலகையை நீ உன் சாரன் தலைப்பால் துடைத்துவிட்டுச் சிரித்தாய்.

“என்ன இது, ஐஸ் விக்கிறத்துக்கும் அரசாங்கத்துக்கு ஒரு மெனேஜரா? உருகிறத்துக்கு முந்தி வித்தாச் சரிதானே!”

பகிடிதான். ஆனால் எனக்குச் சுட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாம். பிறகு என் தங்கச்சியைக் கல்யாணம் முடித்து எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்துவிட்டாய். நான் வருவதற்கு எட்டு வருஷத்துக்கு முன்பே நீ அங்கே போர்மன். மெசினின் சத்தத்தை வைத்தே அதன் வருத்தத்தைச் சொல்லுவாய். எனக்கோ எது கொம்பிரசர், எது தண்ணீர்ப் பம்பு என்று தெரியாது. அதை மறைக்கத்தான் அந்தக் கழுத்துப்பட்டி. நீ மட்டும் அதை அறிந்திருந்தாய். அறிந்தும் கேற்றுக்கு உள்ளே என்னை “சேர்” என்றாய். கேற்றைத் தாண்டியதும் “மச்சான்” என்றாய். ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

என்னுடைய வேலை என்ன என்று யாராவது கேட்டால் பெரிதாக ஏதோ சொல்லுவேன். உண்மையில் வாங்க ஆள் தேடுவது, விலை பேசுவது, ஐஸ் வீண் போகவில்லை என்று மாதா மாதம் கொழும்புக்குக் காட்டுவது, அவ்வளவுதான். வியாபாரம் தெரியாதவர்கள் நடுவில் வியாபாரம் தெரிந்தவன் போல நடமாடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நம் கரையில் வலை இறங்காது. அன்றைக்கு ஜும்ஆவுக்குப் போவார்கள், வலை பொத்துவார்கள், பிள்ளைகளுக்கு முடி வெட்டி விடுவார்கள். ஒருநாள் ஓய்ந்த கடல் சனிக்கிழமை அள்ளிக் கொடுக்கும் என்பது கரைவலைக்காரரின் நம்பிக்கை. அதனால் வெள்ளிக்கிழமை உறைகிற ஐஸை நீ யாருக்கும் கொடுக்கமாட்டாய். அறைக்குள் அடுக்கி, மரத்தூள் மூடி, சனிக்கிழமைக் கரைக்கு என்று வைத்திருப்பாய். எந்தச் சுற்றறிக்கையிலும் அது இல்லை. ஆனால் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வெள்ளிக்கிழமை ஐஸ் கரைவலைக்காரரின் ஐஸ்.

வெள்ளிக்கிழமைகளில் ஏன் விற்பனை இல்லை என்று கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் போதும், எங்கள் சனம் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாது என்று. கொழும்பிலிருந்து வந்தவனுக்கு அது தெரியாமல் இருக்கலாம். கல்முனையில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். எழுத வெட்கப்பட்டேன். பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். சீ! அதை எழுதாமல், ஓர் இறால் கம்பனியைப் பிடித்து, வெள்ளிக்கிழமை ஐஸ் முழுவதையும் அவர்களுக்கே தருவதாகப் பேசி முடித்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை லொறி வந்தது. அறையில் அடுக்கிய ஐஸை வெளியே விடுவதற்கு மெனேஜர் கையெழுத்து வைத்த துண்டுச் சீட்டு வேண்டும். அது திணைக்களத்துச் சட்டம். நீ வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாய்.

“துண்டு, சேர்?”

“மறுகா எழுதித் தாறன், நீ ஏத்து. மச்சானுக்கும் துண்டா?”

கேற்றுக்கு உள்ளே அந்தச் சொல்லை முதன்முதலாகச் சொன்னவன் நான்தான். நீ சிரித்தபடி போனாய்.

பாதி ஏற்றிய நேரம் பள்ளியில் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது நீ என் கையைப் பிடித்தாய்.

“மச்சான், நாளைக்குக் கரையில ஐஸ் கேப்பாங்க. அரைவாசி இன்னும் அறையிலதான் கிடக்கு. லொறியப் போகச் சொல்லுவம்.”

“நீ மெசினப் பாரு. வியாபாரத்த நான் பாக்கிறன்.”

“அதில்ல மச்சான், ஏழைச் சனம்...”

“சொன்னதச் செய்.”

சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று நீ மெல்லப் பேசினாய். என்னை மதித்து அப்படிப் பேசினாய். வேறு ஒரு போர்மன் என்றால் கடதாசியில் எழுதி, பிரதி வைத்துக்கொண்டு, கையெழுத்தும் வாங்கியிருப்பான். மச்சானுக்கு எதிராகக் கடதாசி எழுதுவது உனக்கு மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதுவது போல. உன்னுடைய பிழை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை கடல் அள்ளித்தான் கொடுத்தது. நாலு வலையிலும் பாரைக்குட்டி. வெயில் ஏறத் தொடங்கிய நேரம் கைவண்டிகளும் உழவு மெசினுமாக ஆலைக்கு முன்னால் வந்து நின்றார்கள். அறை வெறுமை. தொட்டியில் இருந்த தண்ணீர் உறைய மாலையாகும். பகல் பன்னிரண்டுக்கு மீனின் கண் வெளுத்துவிட்டது. ஒரு மணிக்கு மணம் மாறிவிட்டது. உப்புப் போட்டுக் கருவாடாக்கவும் அவ்வளவு உப்பு ஊரில் இல்லை. கூடை கூடையாகக் கொண்டுவந்து நம் கேற்றில் கொட்டினார்கள். அண்ணன் வயதுள்ள ஒருவர் உன் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

“வெள்ளிக்கிழமை ஐஸ் எங்கடா? எங்கட ஐஸ எவனுக்குக் குடுத்த?”

நீ ஒரு தரம் என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாய். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். ஓம் மச்சான், நின்றேன். நீ பார்த்ததையும் பார்த்தேன்.

“முடிஞ்சு போச்சு காக்கா” என்று மட்டும் சொன்னாய்.

அன்று பின்னேரம் அவர்கள் மணலில் குழி தோண்டி மீனைப் புதைத்தார்கள். பெண்களும் வந்து நின்று பார்த்தார்கள். ஒரு கிழமைக்கு அந்தப் பக்கம் நடக்க முடியவில்லை.

பெட்டிசம் போனது. அறிக்கை கேட்டார்கள். நான் எழுதினேன். போர்மன் எழுத்து மூலமான அனுமதியின்றி இருப்பை விடுவித்துள்ளார். சனிக்கிழமைத் தேவை பற்றி அவர் எழுத்தில் எதையும் அறிவிக்கவில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை, பார். அதை எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்து, காற்புள்ளி எல்லாம் சரியா என்று பார்த்தேன். என்ன மனிசன் நான்!

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். என் அறையில், என் மேசையில்தான் விசாரணை. துண்டு எங்கே என்று கேட்டார். இல்லை என்றாய். அப்படியானால் யாராவது வாயால் சொன்னார்களா என்று கேட்டார். நீ மேசையைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. நான் வாய் திறப்பதற்காக இடம் விட்டாய். மின்விசிறி சுற்றியது. நான் பைலின் நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

“இல்ல சேர். பிழை என்னிலதான்” என்றாய்.

நான் வாய் திறந்திருந்தால் என்ன போயிருக்கும்? திரும்பக் கிளாக்காகியிருப்பேன். அவ்வளவுதான். எனக்கும் பென்சன் இருந்திருக்கும், உனக்கும் பென்சன் இருந்திருக்கும். உன்னை வேலையால் நிற்பாட்டினார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை ஐஸைச் சனிக்கிழமைக் கரைக்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று என் கையெழுத்தில் ஒரு கட்டளை போட்டேன். உன்னுடைய பழக்கம், என்னுடைய முத்திரை. பிரதேச மக்களின் தேவையை முன்கூட்டியே உணர்ந்த முகாமையாளர் என்று பாராட்டிக் கடிதம் வந்தது. மூன்று வருஷத்தில் பதவி உயர்வும் வந்தது.

நம் ஊர் வழக்கப்படி நீ இருந்தது என் தங்கச்சிக்கு நாங்கள் சீதனமாகக் கொடுத்த வீடு. வேலை போன ஆம்பிளை பொண்டாட்டி வீட்டில் இருப்பது எப்படியென்று எனக்குத் தெரியும். ஒருநாள் ஆறுதல் சொல்ல வந்தேன். ஆறுதல் சொல்ல! தங்கச்சி எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு உன் பக்கம் திரும்பினாள்.

“உங்கட வேலைதான் போச்சு எண்டா, என்ட காக்காட பேரையும் கெடுத்திட்டீங்களே. அவர் எப்பிடித் தலை நிமிந்து நடப்பார்?”

நீ பழைய ரேடியோ ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தாய். ஸ்குரூவை ஒவ்வொன்றாகச் சிரட்டைக்குள் போட்டாய். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சீனி காணாது என்று கூடச் சொன்னதாக ஞாபகம். அவளுக்கு நான் ஒரே காக்கா, ஒரே அண்ணன். அந்தக் காக்காவை அவளிடமிருந்து பறிக்க உனக்கு மனம் வரவில்லை என்பது அன்றைக்கே எனக்கு விளங்கியது. விளங்கியதை எனக்கு வசதியாக வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நீ என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை. சேர் என்றும் இல்லை. “வந்த நீங்களா”, “இருங்க”, “சாப்பிட்டுப் போங்க” என்று, பெயரும் முறையும் இல்லாமல் கதைத்தாய். ரேடியோவும் தண்ணீர்ப் பம்பும் திருத்திப் பிள்ளைகளைப் படிப்பித்தாய்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஹஜ்ஜுக்குப் போனேன். வழக்கப்படி வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி விடைபெற்றேன். உன் வீட்டுக்கும் வந்து, எல்லா வீட்டிலும் சொன்னதையே சொன்னேன்.

“தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா பொறுத்துக்கொள்ளுங்க.”

நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். வேறு ஏதாவது வருமோ என்று காத்திருந்தாய் போல. வெளியே வாகனம் ஹோன் அடித்தது.

“போயிட்டு வாங்க. துஆ செய்யுங்க” என்றாய். பொறுத்தேன் என்று நீ சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

கடைசியாக உன் ஜனாஸாத் தொழுகை. பள்ளிவாசல் முற்றத்தில் உன் மகன் எழுந்து நின்று, தன் வாப்பாவால் யாருக்கும் ஏதும் தவறு நடந்திருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லி எல்லோரையும் கேட்டான். எல்லா ஜனாஸாவிலும் கேட்பதுதான். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, என் இரண்டு கையையும் பிடித்தான்.

“மாமா, ஐஸ் பக்டரி விஷயத்தில வாப்பாவால உங்களுக்குப் பெரிய தலைகுனிவு. கேட்டா, பிழை என்னிலதான் எண்டு மட்டும் சொல்லுவார். காக்காட்டத் தனியாக் கேளு எண்டு உம்மா சொல்லி அனுப்பினா. வாப்பாவப் பொறுத்துக்கொள்ளுங்க மாமா.”

சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். முன்னால் சந்தூக்குப் பெட்டியில் நீ இருந்தாய். அல்லாஹ்வே, அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இல்லை மகன், நான்தான் என்று.

“பொறுத்துட்டன் மகன்” என்றேன்.

பொறுத்துவிட்டேனாம்! உன்னை! அவன் என் தோளில் சாய்ந்து அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர், பெரிய மனசு என்றார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

தங்கச்சி உனக்காக வெளியே போகாமல் இத்தாவில் இருக்கிறாள். இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். இரண்டு தரமும் சொல்லவென்றே போனேன். நீங்கள் பொறுத்ததால்தான் மண்ணுக்குள்ளே அவரின் கப்ரு விசாலமாகும் என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகு எப்படி வாய் திறப்பது? இது சாட்டுத்தான் மச்சான், எனக்குத் தெரியும்.

உன் மகன் இப்போது என்னைத் தெருவில் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்கி வந்து ஸலாம் சொல்கிறான். முன்பு இவ்வளவு மரியாதை இருந்ததில்லை. தன் வாப்பாவை மன்னித்தவன் என்ற மரியாதை. நான் ஸலாத்துக்குப் பதில் சொல்கிறேன். அவன் போகாமல் கொஞ்ச நேரம் நிற்கிறான். அந்தக் கொஞ்ச நேரம் போதும், நான் சொல்ல வேண்டியது ஒரு வசனம்தான். ஒவ்வொரு நாளும் அவன் நிற்கிறான். ஒவ்வொரு நாளும் நான்தான் முதலில் நடந்து போகிறேன்.